வெளிநாட்டில் குழந்தைகள் இல்லம் கட்ட எங்கள் சபை முன்வந்திருக்கிறது: அஸ்திவாரம் போடுமுன் என்னென்ன கேட்க வேண்டும்?

கேள்வி: சபைச் செயலர்

அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். எங்கள் சபையில் ஆறு ஆண்டுகளாகச் செயலராக இருந்து வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஆராதனையில் கலந்துகொண்ட வெளிநாட்டுப் போதகர் ஒருவர், தம் ஊரில் ஒரு வாடகை வீட்டில் இருபத்தாறு பிள்ளைகளை வைத்துப் பராமரித்து வருவதையும், வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருப்பதையும் விவரித்து, பிள்ளைகளின் படங்கள் சிலவற்றைக் காட்டினார். அந்த நாட்டின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று எங்கள் குழு தீர்மானித்திருப்பதால் அதை இங்கே தவிர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று தொடங்கியது சபையாரின் ஆர்வம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உண்டியல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாலிபர் சங்கத்தார் விடுமுறையில் நேரில் சென்று கட்டட வேலையில் கைகொடுப்பதாகப் பெயர் எழுதினார்கள். அறுபது பிள்ளைகள் தங்கக்கூடிய இரண்டு மாடிக் கட்டடத்துக்கான வரைபடம் அந்தப் போதகரிடமிருந்து வந்து சேர்ந்தது. நாங்களும் பொருள் சேர்க்கத் தொடங்கி, தேவையானதில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்துவிட்டோம்.

இந்த நிலையில்தான், எங்கள் சபையின் மூத்த உறுப்பினரான தச்சர் ஒருவர், கட்டில்களைத் தாமே செய்து தருவதாகச் சொல்லிக் குழுக் கூட்டத்துக்கு வந்தார். கையில் அளவுகோலும் பென்சிலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். கட்டிலின் நீளத்தைத் தீர்மானிப்பதற்காக, “பிள்ளைகளுக்கு என்ன வயது?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. “சரி, எத்தனை ஆண், எத்தனை பெண்?” என்றார். அதுவும் தெரியவில்லை. அவர் நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “தெரிந்த பிறகு சொல்லுங்கள், ஐயா” என்று போய்விட்டார். அவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படுக்கையின் எண்ணிக்கை தெரிந்த எங்களுக்கு, அதில் படுக்கப்போகிற பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதிருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்கள், நாங்கள் அந்தப் போதகரிடமும் எங்களிடமும் முதலில் என்ன கேட்க வேண்டும், கட்டடத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எங்கே சபைகள் தவறிவிடுகின்றன என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.


பதில்: குழந்தைகள் நலப் பணியில் இருப்பவர்

செயலர் ஐயா, உங்கள் தச்சர் கேட்ட கேள்விதான் இந்தத் துறையில் முதல் கேள்வி. அதை இன்னும் ஒருபடி நீட்டி, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இதைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு உயிரோடு இருப்பவர் யார்? தாயா, தகப்பனா, பாட்டியா, பெரியம்மாவா, திருமணமான அக்காவா? அவர்களிடமிருந்து பிள்ளை எப்படி, யார் மூலமாக, எந்த எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு இந்த வீட்டுக்கு வந்தது?

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘அநாதை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளையையே நாம் மனத்தில் காண்கிறோம். ஆனால் யுனிசெஃப் போன்ற அமைப்புகள் வெளியிடும் எண்ணிக்கையில், பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளைகளும் அச்சொல்லில் அடங்குகிறார்கள்; இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளோ பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரையாவது உடையவர்கள். கம்போடியாவில் அரசும் யுனிசெஃபும் இணைந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள இல்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த நாட்டில் இல்லங்களின் எண்ணிக்கை மிக வேகமாகப் பெருகியிருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் திடீரென்று அத்தனை பேர் பெருகிவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நல்லெண்ணமும் பணமும் பெருகின. கட்டில் இருந்தால் அதை நிரப்பப் பிள்ளை தேடப்படுகிறது. இதை எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அறுபது படுக்கை என்ற உங்கள் வரைபடத்தைப் பார்த்தவுடன் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இருக்கும் பிள்ளைகள் இருபத்தாறு பேர் என்றால் மீதி முப்பத்து நான்கு பேர் யார் என்பதுதான்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களில் இடைத்தரகர்கள் வீடுவீடாகச் சென்று, பிள்ளைகளைத் தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு அழைத்துச் சென்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் காத்மாண்டு இல்லங்களில் அநாதைகள் என்று காட்டப்பட்டு, வெளிநாட்டுக் கொடையாளர்களுக்கு முன் நிறுத்தப்பட்டார்கள். 2017 இல் நவீன அடிமைமுறையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவதைத் தனியாக எடுத்துப் பேசியது. உங்களிடம் வந்த போதகர் அப்படிப்பட்டவர் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் உண்மையுள்ள ஊழியராகவே இருக்கலாம். அப்படியானால் இந்தக் கேள்விகளுக்கான பதில் அவரிடம் ஏற்கெனவே கோப்பாக இருக்கும், அல்லது கேட்டவுடன் அதைத் தொடங்கிவிடுவார்.

குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான, அதாவது சொந்தக் குடும்பத்தில் வளர முடியாத பிள்ளைகளைப் பராமரிப்பதற்கான, வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்டது. அதை உங்கள் குழுவில் ஒருவராவது முழுவதும் படித்துவிட்டு மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். அது சொல்வது இது: வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்பச் சூழலிலேயே பராமரிப்பு அமைய வேண்டும், உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றிப் பிரிக்கலாகாது, பராமரிப்பவர்களுடைய அரசியல், சமய, பொருளாதார நோக்கங்களை நிறைவேற்றுவது அந்தப் பராமரிப்பின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி சபைகளாகிய நம்மைக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும், நல்லது.

மூன்று வயது என்ற எல்லை சும்மா வகுக்கப்பட்டதல்ல. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் இல்லங்களிலிருந்த 136 சிறு குழந்தைகளைக் கொண்டு 2000 வாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் அப்போது வழக்கத்திலிருந்த பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. அதிலும் இரண்டு வயது நிறைவதற்குமுன் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. இல்லத்தில் யாரும் அவர்களை அடித்ததால் வந்த வேறுபாடு அல்ல இது. அழும்போது ஓடிவருகிற ஒரே முகம் அங்கே இல்லை. வேலைநேரம் மாறும்போதெல்லாம் முகமும் மாறியது.

வேதாகமம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் எத்தனையோ இடங்களில் சேர்த்தே பேசுகிறது. பல ஆண்டுகள் இதைப் படித்தும் அதன் பொருளை நான் கவனித்ததில்லை. அந்த விதவை பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் தாய். தாயைத் தாங்கினால் பிள்ளைக்கு இல்லம் தேவைப்படாமலே போகலாம். பள்ளிக் கட்டணம், பாட்டிக்கு மருந்து, வீட்டுக்கு ஒரு கூரை, தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பகல்நேர மையம், இவற்றையெல்லாம் வீடுவீடாகச் சென்று கவனிக்கப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவருக்குச் சம்பளம்: உங்கள் சபை சேர்த்த பணத்துக்கு இப்படியும் வேலை இருக்கிறது.

அதற்காக உடனே இல்லத்தை மூடிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடவும் கூடாது. உறவினரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வீடு பாதுகாப்பானதா என்று பார்த்து, பிள்ளையோடும் குடும்பத்தோடும் பலமுறை பேசி, சில நாள் தங்கச் செய்து, பிறகு அனுப்பி, அனுப்பிய பின்னும் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். ருவாண்டா 2012 முதல் நாடு முழுவதும் இந்த வழியில் இல்லங்களிலிருந்த பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் பணியை மேற்கொண்டது. அங்கும் அது ஓரிரு மாதத்தில் முடிந்த காரியம் அல்ல. திரும்பிப் போக முடியாத பிள்ளைகளும் எப்போதும் இருப்பார்கள். வீட்டிலேயே கொடுமைக்கு ஆளானவர்களையும், உறவினர் எவரும் இல்லாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காகக் கட்டுங்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று தெரிந்த பிறகு கட்டுங்கள்.


பதில்: கட்டமைப்புப் பொறியாளர்

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதுபோன்ற மூன்று கட்டுமானங்களுக்கு நான் ஆலோசகராகச் சென்றிருக்கிறேன்.

அந்த இடம் நிலநடுக்கப் பகுதியா, புயல் பகுதியா, வெள்ளம் வரும் தாழ்நிலமா என்பதை அறியாமல் வரைபடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே, பிப்ரவரி 27 அன்று, சிலியில் 8.8 அளவில், வெளிப்பட்ட ஆற்றலில் பலநூறு மடங்கு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர். மையம் எவ்வளவு ஆழத்தில், நகரத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கும் இதில் பங்குண்டு. ஆயினும் பெரும் வேறுபாடு கட்டடங்களில் இருந்தது: சிலியில் கட்டட விதிமுறை நடைமுறையில் பின்பற்றப்பட்டது, ஹெய்ட்டியில் கனமான கான்கிரீட் தளங்களை மெலிந்த தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தன.

தூணுக்குள் நிற்கும் கம்பியைச் சுற்றிக் கட்டும் ஸ்டிரப் வளையத்தின் முனைகளை, தூணின் உள்பக்கம் நோக்கி 135 பாகை வளைக்க வேண்டும். 90 பாகையோடு நிறுத்திவிட்டால் வேலை எளிது, பார்வைக்கும் குறை தெரியாது. ஆனால் நிலம் அதிரும்போது வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்தவுடன் அந்த வளையம் திறந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பி பிதுங்கும், தூண் நொறுங்கும். ஒரு கட்டுமான இடத்தில், கம்பி கட்டுபவர் கட்டி முடித்த நூற்றுக்கணக்கான வளையங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, மறுபடியும் வளைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். ஒரு துண்டுக் கம்பியை வளைத்துக் காட்டி விளக்கினேன். அதன்பின் தம் கீழே வேலை செய்த இளைஞர்களுக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுத்தார். கான்கிரீட் ஊற்றிய பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது. எனவே ஊற்றுவதற்குமுன் வந்து பார்த்துக் கையெழுத்திட அந்த நாட்டிலேயே உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை, ஒப்பந்தக்காரரைச் சாராதவராக, உங்கள் பணத்தில் நியமியுங்கள். எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

மண் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். கழுவாத கடல் மணலை ஏற்க வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் வலிமை குறையும். குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டினால், கிருமிகளுக்கு மட்டுமல்லாமல் ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் இருக்கின்றனவா என்றும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

தீயைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். 2017 மார்ச் 8 அன்று குவாத்தமாலாவில் அரசு நடத்திய ஒரு சிறார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, பூட்டிய அறைக்குள் இருந்த 41 சிறுமிகள் இறந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போகாமல் இருக்கவும், வெளியார் உள்ளே வராமல் இருக்கவும் பூட்டும் கம்பியும் போடுவது பல இல்லங்களில் காணும் வழக்கம். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு உறங்கும் பகுதிக்கும் இரண்டு வெளியேறும் வழிகள் உள்ளனவா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க முடிகிறதா, சன்னல் கம்பிச் சட்டத்தில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதா என்று பாருங்கள். இரண்டு மாடி ஏன் என்றும் கேளுங்கள். நிலம் இருக்குமானால், ஒரு பெரிய கூடத்தைவிட எட்டுப் பத்துப் பிள்ளைகள் வாழும் தரைதள வீடுகள் சில, பாதுகாப்புக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. 1949 இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரத்தில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இந்த முறையில்தான் அமைந்தது: ஒரு வீடு, அதில் ஒரு தாய், சில பிள்ளைகள். வீடுகளை ஒவ்வொன்றாகக் கட்டலாம். தேவை குறைந்தால் அடுத்ததைக் கட்டாமலே நிறுத்தலாம். பின்னாளில் ஏதேனும் ஒரு குடும்பத்துக்கே குடியிருக்கக் கொடுத்துவிடலாம். அறுபது படுக்கைக் கூடத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவது?

வாலிபர்கள் சென்று கட்டுவதைப் பற்றி: அவர்களுடைய மனம் பெரியது. ஆனால் கொத்து வேலை தெரியாத இருபது பேரின் விமானக் கட்டணம், அந்த ஊர்க் கொத்தனார்களுக்குப் பல மாதக் கூலியாகும். அந்தக் கொத்தனாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.


பதில்: இல்லத்தில் வளர்ந்தவர்

நான் ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் வளர்ந்தேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்னைப் படிக்க வைத்தவர்களிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு. அந்த நன்றியை வைத்துக்கொண்டே சிலவற்றைச் சொல்கிறேன்.

என் தகரப்பெட்டியின் எண் 41. பல் துலக்கும் பிரஷில் 41. துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலால் 41. துணி வெளுத்து வரும்போது பெயரைவிட எண் வசதியாயிருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. என் சொந்தத் துண்டு என்று சொல்லிக்கொள்ள ஒரு நிறம் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்பதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

என் தாயார் உயிரோடிருந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். அலுவலகத்தின் முன்தாழ்வாரத்தில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, காலணிகளைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் பேசலாம். வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வரும் நாளாக இருந்தால் வேறொரு நாள் வரும்படி அவரிடம் சொல்லிவிடுவார்கள். விருந்தினர் முன்னிலையில் நாங்கள் பாட்டுப் பாடுவோம்; அதற்கு மூன்று நாள் ஒத்திகை நடக்கும். அவர்கள் எங்களைத் தூக்கிக் கொஞ்சினார்கள், படம் எடுத்தார்கள், அழுதார்கள், போய்விட்டார்கள். சிறு பிள்ளைகள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து, எவ்வளவு அன்பான பிள்ளைகள் என்று பாராட்டுவார்கள். அறிமுகமே இல்லாத ஒருவரின் மடியில் ஒரு பிள்ளை ஏறி உட்காருவது அன்பினால் அல்ல என்பதை நான் தகப்பனான பிறகுதான் உணர்ந்தேன். என் மகள் அப்படிச் செய்வதில்லை. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

என் தாயார் என்னை அங்கே விட்டதற்குக் காரணம் பள்ளிக் கட்டணம். வேறு எதுவும் இல்லை. ஒரு விருந்தினரின் பயணச் செலவில் என் படிப்பு முழுவதும் வீட்டிலிருந்தே முடிந்திருக்கும் என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழு வயதில் வெளியே வந்து அவரோடு வாழத் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். ஒரு மகனும் தாயும் அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ளக் கூடாது.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் விடுதியில் ஒன்பது ஆண்டுகள் பணிசெய்த அக்கா ஒருவர் இருந்தார். காய்ச்சல் என்றால் இரவில் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். என்னைப் பெயர் சொல்லியே அழைப்பார். அவருக்கு மிகக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள். அதனால்தான் கடைசியில் போனார் என்று கேள்விப்பட்டேன். ஆகவே செயலர் ஐயாவிடம் நான் கேட்டுக்கொள்வது இது: சுவரைவிடப் பராமரிக்கும் தாய்மாருக்கு அதிகமாகச் செலவிடுங்கள், அவர்கள் நிலைத்திருக்கும்படி செய்யுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெயரும் ஊரும் சேர்த்து அறிவிப்புப் பலகையிலோ இணையத்திலோ போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அதைப் பார்க்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு இருக்கட்டும். அதில் பிறப்புச் சான்றிதழும், தாய்தகப்பன் பெயரும், ஒரு படமாவது இருக்கட்டும். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க நான்கு ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது.


பதில்: வேறொரு சபையின் முன்னாள் பொருளாளர்

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் சபையும் இப்படி ஓர் இல்லம் கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவுக்கு எங்களில் பதினான்கு பேர் போயிருந்தோம். கட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டோமே தவிர, அதை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடவில்லை. சம்பளம், மருத்துவம், மின்சாரம், பழுதுபார்ப்பு என்று தொடர்ந்து வந்த செலவு, சில ஆண்டுகளிலேயே கட்டுமானச் செலவை மிஞ்சிவிட்டது. மூன்றாம் ஆண்டில் காணிக்கை குறைந்தது. நடத்தியவர் வேறு கொடையாளர்களைத் தேடினார். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர்கள் கொடுத்தபடியால், பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அதை நாங்கள் வளர்ச்சி என்று எண்ணி ஸ்தோத்திரம் செலுத்தினோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எங்கள் விஷயத்தில் அது தனிநபர் பெயரில் இருந்தது. அவர் காலமானபின் அவருடைய உறவினர்கள் அதைக் கோரினார்கள். பதிவுபெற்ற அறக்கட்டளையின் பெயரில், அந்த நாட்டின் குழந்தைகள் நலத் துறையின் அனுமதியும் ஆய்வும் உள்ளதாக அது இருக்க வேண்டும். பணத்தை ஒரே தடவையில் அனுப்பாமல், அஸ்திவாரம், தூண், கூரை என்று வேலை முடிய முடிய, பொறியாளரின் சான்றைப் பார்த்துப் பகுதி பகுதியாக அனுப்புங்கள். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், வீட்டை நடத்தும் செலவுக்கும் குடும்பத்தில் சேர்க்கும் பணிக்கும் கொடுங்கள். அப்படிச் செய்தால் ஒரு பிள்ளை வீடு திரும்பியதால் இல்லத்துக்கு வருமானம் குறைந்தது என்ற நிலை வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லரைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரியும். பிரிஸ்டல் நகரத்தின் ஆஷ்லி டவுனில் 1849 முதல் அவர் எழுப்பிய ஐந்து பெரிய கட்டடங்களில் இரண்டாயிரம் பிள்ளைகள் வரை வாழ்ந்தார்கள். அவரைப் போல விசுவாசத்தினால் கட்டுவோம் என்று எங்கள் கூட்டத்திலும் பேசினோம். அவர் தொடங்கிய அதே நிறுவனம் 1958 இல் அந்தப் பெரிய கட்டடங்களை விட்டு வெளியேறிச் சிறிய குடும்ப வீடுகளுக்கு மாறியதை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.


மீண்டும்: சபைச் செயலர்

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. இந்த ஏழு வாரங்களில் நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை.

உங்கள் பதில்களை அச்செடுத்துக் குழுவில் வாசித்தேன். இல்லத்தில் வளர்ந்த சகோதரரின் பதிலை வாசிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டதால், பாதியில் எங்கள் ஆயரம்மா வாங்கித் தொடர்ந்து வாசித்தார்கள். சிலர் வருத்தப்பட்டார்கள், வாலிபர் சங்கத் தலைவர், நாம் செய்ய நினைத்ததெல்லாம் தவறா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே கூட்டத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுப் போதகருக்கு விரிவாக எழுதினோம். அவர் மனம் நோகுவாரோ என்று அஞ்சினேன். பத்து நாட்களுக்குப்பின் வந்த அவருடைய பதிலில், இந்தக் கேள்விகளை இதுவரை எந்தக் கொடையாளரும் தம்மிடம் கேட்டதில்லை என்றும், பெரிய கட்டடம் என்றால்தான் சபைகள் உதவும் என்று மற்றவர்கள் சொன்னதால் அறுபது என்று போட்டதாகவும் எழுதியிருந்தார். இருபத்தாறு பிள்ளைகளின் பட்டியலையும் அனுப்பியிருந்தார். ஒன்பது பேருக்குத் தாய் இருக்கிறார். ஐந்து பேருக்குப் பாட்டியோ மாமாவோ அத்தையோ இருக்கிறார்கள். நான்கு பேரைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது. எட்டுப் பேருக்குத் திரும்பிப் போக இடமில்லை. அவர்களில் மூன்று பேர் ஒரே வீட்டுச் சகோதரிகள்.

அறுபது படுக்கைக் கட்டடத்தைக் கைவிட்டோம். அந்த நாட்டில் குடும்ப இணைப்புப் பணியில் பயிற்சி பெற்ற ஒருவரை, அங்குள்ள குழந்தைகள் நல அலுவலகத்தின் ஆலோசனையோடு, மூன்று ஆண்டுகளுக்கு நியமிக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஒரு தரைதள வீட்டுக்கு மண் பரிசோதனை நடக்கிறது. காணிக்கை கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த மாற்றத்தை விளக்கிக் கடிதம் எழுதி, விரும்பினால் தங்கள் காணிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தோம். இரண்டு குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள்.

நேற்று மாலை அந்தத் தச்சரின் பட்டறைக்குப் போய், எட்டுப் பேரின் வயதை வாசித்துக் காட்டினேன். நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அந்த மூன்று சகோதரிகளுக்கு நான்கு, ஏழு, பதினொன்று என்று சொன்னபோது பென்சிலை நிறுத்திவிட்டு, அவர்களுடைய கட்டில்கள் மட்டும் ஒன்றோடொன்று சேர்த்துப் போடுகிற மாதிரி ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். மரம் அனுப்புவதைவிட அந்த ஊர்த் தச்சர் ஒருவரிடம் அளவைக் கொடுத்துச் செய்யச் சொல்வதே முறை என்றும் அவரே சொல்லி, அளவுகளை ஒரு தாளில் வரைந்து என்னிடம் கொடுத்தார். அதை இன்று காலை போதகருக்கு அனுப்பியிருக்கிறேன்.